கரும்பொருளா, திருத்திய ஈர்ப்பா: எதை நம்புவது, எதில் உழைப்பது?

இயற்பியல் ஆய்வுக்குப் போக நினைக்கும் மாணவர்கள் கரும்பொருளைப் பற்றிக் கேட்கும்போது இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். "எதை நம்பலாம்?" என்பது ஒன்று. "எதில் ஐந்தாறு ஆண்டுகளைப் போடலாம்?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் என் பதில் வேறு வேறு. முதலில் நம்பிக்கையைப் பேசி முடித்துவிடுகிறேன், உழைப்பு பிறகு.

சிக்கல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1933இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி கோமா கேலக்ஸிக் கொத்தை ஆராய்ந்தார். அதற்குள் கேலக்ஸிகள் ஓடும் வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பை மட்டும் நம்பியிருந்த கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும். 1970இல் வெரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடாவின் சுழற்சியை அளந்தார்கள். மையத்தைவிட்டு விலக விலக வேகம் குறைந்தாக வேண்டும், குறையவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் ரேடியோ தொலைநோக்கிகள் ஹைட்ரஜன் வாயுவைப் பின்தொடர்ந்து, விண்மீன்கள் தீர்ந்துபோன விளிம்புக்கும் அப்பால் சென்றன. அங்கேயும் வேகம் அப்படியே நின்றது. ஆக, தெரியாத பொருள் ஏதோ இருக்கிறது, அதுதான் கரும்பொருள்; இல்லையென்றால் அந்த இடங்களில் ஈர்ப்பின் கணக்கு வேறு, அதுதான் திருத்திய ஈர்ப்பு.

இந்த இடத்தில் நெப்டியூனையும் வல்கனையும் கொண்டுவந்து நிறுத்துவது வழக்கம். யுரேனஸ் தடம் பிறழ்ந்ததற்குக் காரணம் அதுவரை தெரியாத ஒரு கோள். புதன் தடம் பிறழ்ந்ததற்குக் காரணம் என்று தேடப்பட்ட வல்கன் கிடைக்கவே இல்லை. ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கைதான் விடை. ஒரு கதை ஒரு தரப்புக்கு, இன்னொன்று எதிர்த்தரப்புக்கு. வரலாறு இருவருக்கும் ஆளுக்கொரு சாட்சி கொடுத்திருப்பதால், அதை விட்டுவிட்டு அளவீடுகளுக்குப் போகலாம்.

கேலக்ஸிக்குள் மாண்ட் ஜெயிக்கிறது

1983இல் மோர்தெஹாய் மில்க்ரோம் முன்வைத்த கருத்துக்கு மாண்ட் என்று பெயர். திருத்திய நியூட்டன் இயக்கவியல். முடுக்கம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் நியூட்டனின் கணக்கு மாறுகிறது என்பதுதான் சாரம். அந்த எல்லை நொடிக்கு நொடி 1.2 × 10⁻¹⁰ மீட்டர். பூமியில் நம்மைக் கீழே இழுக்கும் முடுக்கத்தில் ஏறத்தாழ எண்ணாயிரம் கோடியில் ஒரு பங்கு. எல்லைக்குக் கீழே, நியூட்டன் தரும் முடுக்கத்தை இந்த எண்ணால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் உண்மையான முடுக்கம் வந்துவிடும் என்றார் அவர்.

இதைப் பார்த்தால் தரவுக்கு ஏற்ப ஒட்டுப்போட்ட சூத்திரம் மாதிரித்தான் தோன்றும். ஆனால் இதிலிருந்து விளைவது கடுமையானது: விளிம்பில் சுழற்சி வேகத்தின் நான்காம் அடுக்கு, அந்தக் கேலக்ஸியில் உள்ள சாதாரணப் பொருளின் மொத்த நிறைக்கு நேர்விகிதமாக இருந்தே ஆக வேண்டும். கேலக்ஸி பெரியதா, மங்கலா, வாயு மிகுந்ததா என்ற விதிவிலக்கு எதற்கும் இடமில்லை. மங்கலான கேலக்ஸிகளை விரிவாக அளக்கும் முன்னரே, அவற்றில் கணக்கு உதைப்பது இன்னும் அதிகமாக இருக்கும் என்று மில்க்ரோம் சொல்லியிருந்தார். பின்னர் அளந்தபோது அப்படியே வந்தது.

2016இல் ஸ்டேசி மெக்காவும் ஃபெடரிகோ லெல்லியும் ஜேம்ஸ் ஷோம்பர்ட்டும் 153 கேலக்ஸிகளில் சுமார் 2,700 இடங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வோர் இடத்திலும் சாதாரணப் பொருள் தர வேண்டிய முடுக்கத்தை ஓர் அச்சிலும், உண்மையில் அளந்த முடுக்கத்தை மற்றோர் அச்சிலும் போட்டார்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே வளைகோட்டில் அடங்கின. சிதறலும் பெரும்பாலும் அளவீட்டுப் பிழைக்கு உட்பட்டதுதான். கரும்பொருள் ஆதரவாளர் ஒருவர் தூக்கம் கெட வேண்டிய படம் என்றால் எனக்கு இதுதான். கேலக்ஸியின் நிறையில் பெரும்பங்கு கரும்பொருள் என்றால், சிறுபான்மையான சாதாரணப் பொருளைப் பார்த்தே மொத்த ஈர்ப்பையும் சொல்லிவிட முடிவது எப்படி? ஒளியின் பரவலில் ஒரு மேடு இருந்தால் சுழற்சி வரைகோட்டிலும் அதே தூரத்தில் மேடு தெரிகிறது. சாதாரணப் பொருளுடன் ஈர்ப்பால் மட்டுமே உறவாடும், ஒளிவட்டம் எனப்படும் கரும்பொருள் உறை ஏன் இத்தனை பணிவாக நடந்துகொள்ள வேண்டும்?

கிரேட்டர் 2 என்ற குள்ளக் கேலக்ஸியின் கதையையும் சொல்ல வேண்டும். நம் பால்வீதியைச் சுற்றும் இந்த மிக மங்கலான பொருள் 2016இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலுள்ள விண்மீன்களின் வேகச் சிதறல் நொடிக்கு சுமார் 2.1 கிலோமீட்டராக இருக்கும் என்று மாண்டின்படி கணக்கிட்டு மெக்கா முன்கூட்டியே எழுதினார். வழக்கமான கரும்பொருள் ஒளிவட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் அது 17 கிலோமீட்டர் அளவுக்கு வந்தது. அளந்தபோது கிடைத்தது 2.7. பால்வீதியின் ஓத ஈர்ப்பு அந்தக் குள்ளக் கேலக்ஸியின் கரும்பொருளை உரித்துவிட்டது என்று பிறகு விளக்கினார்கள். விளக்கம் தவறு என்று சொல்ல மாட்டேன். விடைத்தாள் வந்த பிறகு எழுதிய விடை அது, அவ்வளவுதான்.

இன்னொன்று. 2024இல், நிறை தன்னருகே செல்லும் ஒளியை வளைக்கும் ஈர்ப்பு வில்லை விளைவை வைத்துத் தனித்திருக்கும் கேலக்ஸிகளைப் பார்த்தபோது, மையத்திலிருந்து சுமார் 30 லட்சம் ஒளியாண்டு வரைக்கும் சுழற்சி வேகத்துக்குச் சமமான அளவு இறங்காமலே போனது. அவ்வளவு தூரத்தில் ஒளிவட்டம் தீர்ந்து வேகம் சரிய வேண்டும் என்பதுதான் கரும்பொருள் தரப்பின் எதிர்பார்ப்பு.

கரும்பொருள் தரப்பு இதற்கெல்லாம் வாய்மூடி இருக்கவில்லை. விண்மீன் வெடிப்புகள் வாயுவை ஊதித் தள்ளுவதையும் சேர்த்து உருவகப்படுத்தினால் இதே மாதிரியான வளைகோடு தானாக வருகிறது என்று ஈகிள் போன்ற பெரிய கணினி உருவகங்களைக் காட்டுகிறார்கள். ஆனால் அந்த வெடிப்புகளின் விளைவை உருவகத்தில் நேரடியாகக் கணக்கிட முடிவதில்லை. கையால் வைக்கும் சில அளவுருக்கள் அங்கே உண்டு. மாண்டுக்குக் கையில் இருப்பது ஒரே ஒரு எண். அந்த எண்ணும், ஒளியின் வேகத்தை, பிரபஞ்சம் விரியும் வீதமான ஹப்பிள் மாறிலியால் பெருக்கி 2πஆல் வகுத்தால் வரும் எண்ணுக்கு அருகில் நிற்கிறது. தற்செயலாகவும் இருக்கலாம். எனக்கு அது உறுத்துகிறது.

கேலக்ஸிக்கு வெளியே நிலைமை தலைகீழ்

கொத்துகளிலேயே மாண்டுக்குச் சறுக்கல் தொடங்குகிறது. மில்க்ரோமின் கணக்கைப் போட்ட பிறகும் அங்கே ஏறக்குறைய இரண்டு மடங்கு நிறை குறைகிறது. கரும்பொருளை ஒழிக்க வந்த கொள்கை, கொத்துகளுக்கு மட்டும் கொஞ்சம் கரும்பொருளைக் கடன் கேட்கிறது.

புல்லட் கொத்து பற்றி 2006இல் வெளியான படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு கொத்துகள் மோதி ஊடுருவிச் சென்றதில், வாயு நடுவில் சிக்கித் தங்கிவிட்டது. கேலக்ஸிகள் தடையில்லாமல் கடந்துபோய்விட்டன. சாதாரணப் பொருளில் பெரும்பகுதி அந்த வாயுதான். ஈர்ப்பு வில்லையோ கேலக்ஸிகள் பக்கம் நிறை இருப்பதாகக் காட்டுகிறது. மோதலில் உரசாத பொருள் ஒன்று உண்டு என்பதற்கு இதைவிட நேரடியான படம் கிடைப்பது கடினம். ஆனாலும் பொதுமேடைகளில் இதை இறுதித் தீர்ப்பாகக் காட்டுவது மிகை. மாண்டுக்குக் கொத்துகளில் எப்படியும் விடுபட்ட நிறை தேவை. அது மோதாத வகையைச் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால் இந்தப் படம் அதற்குப் புதிய பாதகம் ஆகாது.

எனக்குத் தீர்ப்பைச் சொல்வது அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு. பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயதானபோது வெளிப்பட்ட ஒளி அது. அதற்கு முன் சாதாரணப் பொருளும் ஒளியும் பிணைந்த ஒரே பாய்மமாக இருந்தன. ஈர்ப்பு அமுக்க, ஒளியின் அழுத்தம் திருப்பித் தள்ள, ஒலி அலைகள் எழுந்தன. அந்த அலைகளின் தடம் வானத்தில் வெப்ப ஏற்ற இறக்கமாகப் பதிந்திருக்கிறது. அதன் வலிமையை அளவு வாரியாக வரைந்தால் முகடு முகடாக வரும்.

ஒளியின் அழுத்தத்தை உணராத பொருள் எதுவும் இல்லையென்றால், ஒவ்வொரு முகடும் முந்தையதைவிடத் தணிந்து போக வேண்டும். அப்படி ஒரு பொருள் இருந்தால், அது அசையாமல் ஈர்ப்புக் குழிகளைக் காத்துக்கொண்டிருக்கும். அமுக்கத்தைக் குறிக்கும் ஒற்றைப்படை முகடுகள் உயரும். 1999இல் மெக்கா, கரும்பொருள் இல்லாத பிரபஞ்சத்தில் முதல் முகட்டுக்கும் இரண்டாவதற்கும் உள்ள விகிதம் என்னவாக இருக்கும் என்று கணித்தார். அடுத்த ஆண்டு பூமராங் பலூன் சோதனை தந்த எண் அவர் கணித்ததோடு ஒத்துப்போனது. இதைப் பாடநூல்கள் சொல்வதில்லை, சொல்ல வேண்டும். ஆனால் அதே கணிப்பின்படி மூன்றாம் முகடு இரண்டாவதைவிட நன்றாகத் தாழ்ந்திருக்க வேண்டும். செயற்கைக்கோள்கள் அளந்தபோது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பிளாங்க் செயற்கைக்கோளின் தரவில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. அதிலிருந்து கிடைக்கும் கணக்கு: சாதாரணப் பொருள் 5 விழுக்காடு, கரும்பொருள் சுமார் 27, மீதி, பிரபஞ்சத்தின் விரிவை விரைவுபடுத்தும் கருமை ஆற்றல்.

இதோடு நேரக் கணக்கு ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. அந்த ஒளியில் தெரியும் ஏற்ற இறக்கம் லட்சத்தில் ஒரு பங்கு. அதன்பின் பிரபஞ்சம் சுமார் 1,100 மடங்கு விரிந்திருக்கிறது. நியூட்டனின் ஈர்ப்பில் அடர்த்தி வேறுபாடும் அதே விகிதத்தில்தான் வளரும். லட்சத்தில் ஒன்றை 1,100ஆல் பெருக்கினால் நூற்றில் ஒன்று. நூற்றில் ஒரு பங்கு வேறுபாட்டிலிருந்து கேலக்ஸி எதுவும் பிறந்திருக்க முடியாது. ஒளியோடு பிணையாத பொருள் முன்கூட்டியே குவியத் தொடங்கியிருந்தால் கணக்கு சரியாகிவிடுகிறது. மாண்டில் ஈர்ப்பு வலுப்பதால் வளர்ச்சி வேகமாகும், அதனால் இந்தச் சிக்கலுக்கு மட்டும் அவர்களிடம் பதில் உண்டு. மூன்றாம் முகட்டுக்கு மாண்ட் என்ற சூத்திரத்திடம் பதில் இல்லை.

சூத்திரத்திலிருந்து கொள்கைக்கு

பதில் வேண்டுமென்றால் சூத்திரம் முழுக் கொள்கையாக வளர வேண்டும். 2004இல் யாக்கோப் பெக்கன்ஸ்டைன் சார்பியலுக்கு உட்பட்ட வடிவம் ஒன்றைத் தந்தார். அதன் கதையை முடித்தது 2017 ஆகஸ்ட் 17. சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலையும் காமா கதிரும் 1.7 நொடி இடைவெளியில் பூமிக்கு வந்து சேர்ந்தன. ஈர்ப்பலையும் ஒளியும் வேறு வேறு வேகத்தில் போக இடம் தந்த கொள்கைகள் பல அன்றோடு ஒழிந்தன.

2021இல் கான்ஸ்டான்டினோஸ் ஸ்கோர்டிஸும் டாம் ஸ்லோஸ்னிக்கும் வெளியிட்ட கொள்கை அந்த நிபந்தனைக்கு உட்படுகிறது; நுண்ணலை முகடுகளையும் பிடித்துவிடுகிறது. எப்படி என்று உள்ளே பார்த்தால்தான் சுவாரசியம். ஈர்ப்போடு கூடுதலாகச் சேர்த்த புலம் ஒன்று, இளம் பிரபஞ்சத்தில் அழுத்தமில்லாத தூசியைப் போல நடந்துகொள்கிறது. அழுத்தமில்லாத தூசியைப் போல நடந்துகொள்வதைத்தான் மற்றவர்கள் கரும்பொருள் என்கிறார்கள். எதிர்ப்பக்கத்திலும் இதே நகர்வு நடந்திருக்கிறது: 2015இல் லசா பெரெசியானியும் ஜஸ்டின் கூரியும் முன்வைத்த மீபாய்ம (உராய்வின்றி ஓடும்) கரும்பொருள், கேலக்ஸிக்குள் குளிர்ந்து உறைந்து மாண்ட் விசையைத் தருகிறது, வெளியே சாதாரணக் கரும்பொருளாக இருக்கிறது. எரிக் வெர்லிண்டேவின் எழும் ஈர்ப்பு, ஜான் மோஃபட்டின் திருத்திய ஈர்ப்பு போன்றவையும் களத்தில் உண்டு. கேலக்ஸி முதல் முழுப் பிரபஞ்சம் வரை எல்லா அளவிலும் கணக்கை முடித்துக் காட்டாததால் அவற்றை இங்கே நீட்டவில்லை.

ஆகவே நம்பிக்கைக் கேள்விக்கு என் பதில் இது. இளம் பிரபஞ்சத்தில் ஒளியை உணராத, அழுத்தமற்ற ஏதோ ஒன்று இருந்தது. இதில் எனக்கு ஐயமில்லை. அது துகள்தான் என்பதில் ஐயம் உண்டு. கேலக்ஸிகளில் மில்க்ரோம் கண்ட ஒழுங்கு தற்செயல் என்று யாராவது சொன்னால் அவரோடு உட்கார்ந்து வாதாடுவேன்.

உழைப்பை எங்கே போடுவது

விம்ப் எனப்படும், ஈர்ப்பாலும் பலவீன விசையாலும் மட்டும் உறவாடும் கனத்த துகள்கள் முப்பது ஆண்டுகளாகக் கரும்பொருளுக்கு முதல் வேட்பாளர். அந்த வகைத் துகளுக்கு எதிர்பார்க்கும் வினைத்திறனை வைத்துக் கணக்கிட்டாலே பிரபஞ்சத்தில் இன்றிருக்கும் கரும்பொருளின் அளவு வந்துவிடுவதுதான் அதன் கவர்ச்சி. தெற்கு டகோட்டாவில் தரைக்கடியில் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் எல்ஸெட் கருவியின் 7 டன் திரவ செனான், இத்தாலியின் கிரான் சாசோவில் செனான்-என்டி, சீனாவின் ஜின்பிங்கில் பாண்டாஎக்ஸ் என்று மூன்றும் காத்துக் கிடக்கின்றன. எந்த விம்பும் வந்து தட்டவில்லை. பெரிய ஹாட்ரான் மோதுவியிலும், விம்ப் ஆகக்கூடும் என்று எதிர்பார்த்த மீச்சமச்சீர்த் துகள்கள் கிடைக்கவில்லை. இப்போது உணர்திறன் எவ்வளவு கூர்மையாகிவிட்டதென்றால், 2024இல் சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களின் சாயல் கருவிகளில் தென்படத் தொடங்கியது. இதற்குமேல் போனால் விம்ப் சமிக்ஞையையும் நியூட்ரினோவையும் பிரித்தறிவதே தனிப்பாடு. கருவி கட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளி இல்லை. கண்டுபிடிக்கும் ஆசையோடு நுழைபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிக மிக லேசான ஊகத் துகளான ஆக்ஸியான் பக்கம் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். 1977இல் ராபர்ட்டோ பெச்சேயும் ஹெலன் குவின்னும் வல்விசையில் இருந்த வேறொரு புதிரைத் தீர்க்கப் போய்ப் பிறந்தது அது, கரும்பொருளுக்காகவே புனைந்ததல்ல. அதைத் தேடும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஏடிஎம்எக்ஸ் சோதனை, வலிய காந்தப் புலத்தில் வைத்த உலோக அறையின் அதிர்வெண்ணை மெல்ல மெல்ல மாற்றிக்கொண்டே போகிறது, ரேடியோவில் நிலையம் தேடித் திருகுவதுபோல. துழாவிய பகுதி சிறியது, துழாவ வேண்டியது மிகப் பெரியது. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் "இந்த அதிர்வெண்ணில் இல்லை" என்று உறுதியாகச் சொல்லிவிட்டு நகரலாம். சிறிய குழுக்கள் என்பதால் மாணவருக்குக் கருவி முழுவதும் கைக்கு எட்டும்.

மற்ற வேட்பாளர்களான, பிரபஞ்சத்தின் தொடக்கத்திலேயே உருவானதாகக் கருதப்படும் ஆதிக் கருந்துளைகளைப் பற்றிச் சுருக்கமாக: மெகல்லன் மேகங்களை இருபது ஆண்டுகள் கவனித்த ஓஜிஎல்இ அளவாய்வு, கோள் அளவு முதல் பெருவிண்மீன் அளவு வரையிலான கருந்துளைகள் கரும்பொருளின் முக்கியப் பங்காக இருக்க முடியாது என்று 2024இல் காட்டியது. சிறுகோள் நிறையளவில் ஒரு சன்னல் மட்டும் திறந்திருக்கிறது. பலவீன விசையையும் உணராததாக ஊகிக்கப்படும் மலட்டு நியூட்ரினோ 2014இல் ஓர் எக்ஸ் கதிர்க் கோட்டால் பரபரப்பானது. அந்தப் பரபரப்பு அடங்கிவிட்டது.

என்னைக் கேட்டால், ஐந்து ஆண்டைப் போட வேண்டிய இடம் எந்தத் தரப்பு வென்றாலும் வீணாகாத அளவீடுகள்தான். 2023 ஜூலையில் ஏவிய யூக்ளிட் விண்வெளித் தொலைநோக்கி, சிலியில் செர்ரோ பாச்சோன் மலைமேல் 2025இல் முதல் படங்களைத் தந்த வெரா ரூபின் வானாய்வகம் இரண்டும் கோடிக்கணக்கான கேலக்ஸிகளின் வில்லை விளைவை அளக்கும். முப்பது லட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலும் வேகம் சரியாமல் போகிறதா என்பதை அந்தத் தரவு சொல்லும். அதைக் கையாளக் கற்றவருக்கு இரு முகாமிலும் வேலை உண்டு. மாண்ட் கொள்கையிலேயே இறங்குவது துணிச்சல்காரருக்கு. அங்கே செய்யப்படாத கணக்குகள் குவிந்து கிடக்கின்றன, செய்ய ஆள் இல்லை. வேலை தரும் துறைகளும் மிகக் குறைவு.

இவை எல்லாவற்றுக்கும் முன் விடை வரக்கூடிய இடம் ஒன்று நம் அருகிலேயே இருக்கிறது. சூரிய நிறையுள்ள விண்மீனிலிருந்து சுமார் 7,000 வானியல் அலகு (ஓர் அலகு பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) தள்ளிப்போனால் முடுக்கம் மில்க்ரோமின் எல்லைக்கு இறங்கிவிடும். அவ்வளவு இடைவெளியில் ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்கள் ஆயிரக்கணக்கில், விண்மீன்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கையா செயற்கைக்கோளின் தரவில் உள்ளன. அந்தச் சிறு இடத்துக்குள் அடங்கும் கரும்பொருளின் நிறை பொருட்படுத்தத் தக்கதல்ல என்பதால், அங்கே வேகம் கூடுதலாக இருந்தால் குற்றவாளி ஈர்ப்பு மட்டுமே. மாண்ட் எதிர்பார்ப்பது சுமார் 20 விழுக்காடு கூடுதல் வேகம். 2023இல் கியூ-ஹியூன் சே கூடுதல் இருக்கிறது என்றார். இந்திரனில் பானிக் தலைமையிலான குழு, நியூட்டனின் கணக்கே மிகத் திட்டவட்டமாக வெல்கிறது என்றது. இரண்டுமே கையாவின் தரவுதான். வேறுபாடு, கண்ணில் படாத மூன்றாம் விண்மீனோடு சேர்ந்த ஜோடிகளை யார் எப்படிக் கழித்தார்கள் என்பதில். சனியைச் சுற்றிய காசினி விண்கலத்தின் தரவும் 2024 ஆய்வில் மாண்டின் வழக்கமான வடிவங்களுக்கு எதிராகவே நின்றது. என் சாய்வு இப்போதைக்கு பானிக் பக்கம்.

கையாவின் நான்காம் வெளியீடு 2026 டிசம்பருக்குத் திட்டமிடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு விண்மீனும் காலப்போக்கில் எப்படித் தள்ளாடியது என்ற பதிவும் அதில் வரும் என்பதால் ஒளிந்திருக்கும் மூன்றாம் விண்மீன்களைப் பிடித்துக் கழிக்கலாம். கழித்த பிறகும் அந்த 20 விழுக்காடு நின்றால், நம்பிக்கையைப் பற்றி மேலே எழுதியதில் பெரும்பகுதியை நான் திருத்த வேண்டிவரும். மூன்றாம் முகட்டைப் பற்றிய பத்தி மட்டும் அப்போதும் அப்படியே இருக்கும்.